சீனி டப்பாவை எங்க வச்சுத் திறக்குறீங்க?

[காட்சி: அடுப்பில் டீ கொதிக்கிறது. அதற்கு நேர் மேலே சீனி டப்பா திறந்திருக்கிறது.]

சீனி கட்டி தட்டுறதுக்கு ஒரு முக்கியமான காரணம் இந்த இடம்தான். ஆவி நேரா டப்பாவுக்குள்ள போகுது. ஆவி பட்ட ஸ்பூனும் திரும்ப அதே சீனிக்குள்ள போகுது.

[காட்சி: பெரிதாக்கிய சீனி மணிகள்.]

காற்றில் ஈரப்பதம் சுமார் 85 சதவீதத்தைத் தாண்டினா, சீனி மணியோட மேல்பரப்பு லேசா கரைஞ்சு பாகு மாதிரி ஆகும். அப்போ தொட்டா பிசுபிசுக்கும், அவ்வளவுதான். மழை விட்டு காற்று காயும்போது அந்தப் பாகு இறுகி, பக்கத்து மணியோட சேர்த்து ஒட்டிடும். இது மாறி மாறி நடந்தா பாறை மாதிரி ஆயிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கடலோர ஊர்களில் 85-ஐத் தாண்டுறது சாதாரணம்.

[காட்சி: ஒரு பெரிய டப்பா, ஒரு சின்ன பாட்டில்.]

அதனால சீனியை ரெண்டாப் பிரிங்க. தினசரிக்கு கால் கிலோ பிடிக்கிற பாட்டில். மீதியைப் பெரிய டப்பாவில் கழுத்து வரை நிரப்பி மூடிடுங்க. வாரம் ஒரு தடவை திறந்தா போதும். கழுவின டப்பாவை வெயிலில் 2 மணி நேரம் காய வைங்க. மூடியோட மரையிலயும் ரப்பர் வளையத்துக்கு அடியிலயும் தண்ணி நிக்கும், வளையத்தைக் கழற்றித் துடைக்கணும். பாட்டிலை அடுப்பிலிருந்து ரெண்டு மூணு அடி தள்ளி வைங்க. ஸ்பூனை உள்ளேயே விடாதீங்க.

ஃப்ரிட்ஜ் வேண்டாம். குளிர்ந்த டப்பாவை வெளியே எடுத்துத் திறந்ததும் உள்ளே வியர்த்துடும்.

கிராம்பு போடுறது எறும்புக்குத்தான், ஈரத்துக்கு உதவாது. பச்சரிசி கொஞ்சம் உதவும், ஆனா அப்படியே போட்டா பலன் குறைவு. 2 மேசைக்கரண்டி அரிசியை நிறம் மாறாம வறுத்து, நல்லா ஆற வச்சு, மெல்லிய துணியில் முடிஞ்சு போடுங்க. மாசம் ஒரு தடவை மாத்தணும்.

[காட்சி: தாம்பாளத்தில் கட்டி சீனி.]

ஏற்கெனவே கட்டியானதை வாணலியில் போட்டுச் சூடாக்காதீங்க, அடியில் உருகிக் கருகிடும். கனமான கவரில் போட்டு சப்பாத்திக் கட்டையால் தட்டிச் சலிச்சாலே உதிரும். பிசுபிசுப்பு இருந்தா, வெயில் நாளில் உச்சி நேரத்தில் தாம்பாளத்தில் பரப்பி, மெல்லிய துணி மூடி, அரை மணிக்கு ஒரு தடவை கிளறி விடுங்க. மழை நாளில் ஃபேனுக்கு அடியில் பரப்பினா ஈரம் இன்னும் ஏறத்தான் செய்யும்.

நாட்டுச் சர்க்கரைக்கு இதெல்லாம் பாதிதான் பலிக்கும். அதில் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் கலந்திருக்கிறதால ஈரத்தை ரொம்பச் சீக்கிரம் இழுக்கும். அரைக் கிலோவுக்கு மேல வாங்கி வைக்காம இருக்கிறதே நல்லது.

பொடிச்ச சீனியும் அப்படித்தான், சீக்கிரம் இறுகும். 200 கிராம் சீனியோட 1 மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார் சேர்த்து அரைச்சு, சூடு ஆறின பிறகு பாட்டிலில் போடுங்க.