கறிவேப்பிலை அம்மாவுக்கு ஒன்று, புழுவுக்கு ஒன்று

வணக்கம் மக்களே. கல்லடியிலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்கிற இரைச்சல் கடல், மைக் பழுதில்லை.

இன்றைக்கு எங்கள் வளவைத்தான் காட்டப்போகிறேன். முதலில் இந்தக் கறிவேப்பிலை. கிட்ட வாங்க. இலைமேல் குருவி எச்சம் போட்ட மாதிரி இருக்கிறதல்லவா? அது புழு! எச்சம் என்று நினைத்துக் குருவிகள் விட்டுவிடும். வளர்ந்ததும் பச்சையாகிவிடும், இதோ இவரைப் போல. ஈர்க்கால் மெல்லத் தொடுகிறேன். தலைக்குப் பின்னால் கொம்பு மாதிரி ஒன்று வெளியே வருகிறது, பாருங்க. நாற்றமும் சேர்ந்து வருகிறது, அதை உங்களுக்குக் காட்ட முடியாது. எலுமிச்சை, தோடையிலும் முட்டையிடுகிற அதே வண்ணத்துப்பூச்சிதான்.

போன மாதம் அம்மா மருந்தடிக்கவே வெளிக்கிட்டார். "சொதிக்கு ஒரு இலை இல்லை, உனக்குப் பூச்சி வளர்ப்பா?" கேள்வி நியாயம்தான். மாரி மழையோடு இன்னொரு கன்று வைத்தேன். கிணற்றடி மரம் அம்மாவுக்கு, இது புழுவுக்கு. இரண்டிலும் மருந்து கிடையாது. பழம் கறுத்தால் கொண்டைக்குருவிகள் வந்துவிடும்.

முதல் வருடம் நான் செய்த கூத்தையும் சொல்லவேண்டும். கன்றுக் கடையில் அடுக்குச் செவ்வரத்தையாக வாங்கி அடுக்கினேன். பார்க்க அழகு, ஒரு தேனீ எட்டிப் பார்க்கவில்லை. அடுக்குப் பூவில் மகரந்தம் தரவேண்டிய கேசரங்களே பெரும்பாலும் இதழாகிவிடுகின்றன. வந்த தேனீ வெறுங்கையோடு போகும்.

இப்போது வேலியோரம் சிவப்பு வெட்சி. அதன் குழல் நீளம், வண்ணத்துப்பூச்சியின் உறிஞ்சுகுழலுக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி. அந்த மூலையில் எருக்கலை, தானாக முளைத்தது. இந்த மணலுக்கு அதற்குத் தண்ணீரே ஊற்றத் தேவையில்லை. கறுப்பு வெள்ளை வரிப் புழு அதில்தான் இருக்கும். எருக்கம் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் வைக்காதீர்கள்.

சரி, கடைசியாக இது. உடுப்புக் காயப்போடுகிற கம்பியில் பை மாதிரித் தொங்குகிறதே, தேன்சிட்டின் கூடு. நார், சருகு எல்லாவற்றையும் சிலந்தி வலையால் ஒட்டியிருக்கிறது. குஞ்சுக்குத் தேன் மட்டும் போதாது, புழுவும் சிலந்தியும் வேண்டும். இதோ, தாய் வாயில் எதையோ வைத்துக்கொண்டு வேலியில் நிற்கிறது. நான் நிற்கும்வரை கூட்டுக்கு வராது. கமராவை நிறுத்துகிறேன்.