காசைக் காலில் போடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொல்லி வைத்தவர்கள், அதற்கு முன்னால் பந்தலைப் போடு என்று சொல்லவில்லை. இதைக்கூடவா சொல்ல வேண்டும் என்று விட்டிருப்பார்கள். சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. பல வீடுகளில் புடலை விதை ஆடியில் மண்ணுக்குள் போகிறது, முளைக்கிறது, வீட்டில் எல்லோரும் எட்டிப் பார்த்து மகிழ்கிறார்கள். மூன்று வாரம் கழித்துக் கொடி பற்றுக்கம்பியை நீட்டிக்கொண்டு எதையாவது பிடிக்கத் துழாவும்போதுதான் கடப்பாறை எங்கே என்ற தேடல் தொடங்குகிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் குழி தோண்டினால், பரவ ஆரம்பித்திருக்கும் வேர்தான் முதலில் அறுபடும். எனவே இன்றைய பேச்சின் முதல் செய்தி, விதைக்கு முன் பந்தல். ஆடியில் விதைப்பவர் ஆனியிலேயே கால் நட்டிருக்க வேண்டும். தையில் விதைப்பவருக்கு மார்கழி.

அடுத்தது செலவு. பந்தல் என்றவுடன் பெயின்ட் அடித்த இரும்புச் சட்டம், பச்சை வலை, மாட்டுவதற்குக் கொக்கி எல்லாம் ஒரே பெட்டியில் வந்துவிடும் காலம் இது. படத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதில் சுரைக்கொடியை ஏற்றி, ஒரு நல்ல மழை பெய்து, இலையெல்லாம் நீரைச் சுமந்து நிற்கும்போது ஒரு காற்றும் அடித்தால் என்ன ஆகும் என்று அந்தப் படத்தில் காட்டமாட்டார்கள். விரல் பருமன் குழாயை அரை அடி மண்ணில் செருகி நிறுத்திய சட்டம் மொத்தமாகச் சாய்ந்துவிடும். அதில் காசு வலைக்கும் பெயின்டுக்கும் போயிருக்கிறது, காலுக்குப் போகவில்லை.

நான் சொல்ல வருவது இதற்கு நேர்மாறானது. கையில் இருக்கும் பணம் ஐந்நூறோ ஐயாயிரமோ, அதைப் பந்தலின் காலில் போடுங்கள். மேலே என்ன கிடைத்தாலும் போதும்: பழைய கயிறு, உடைந்த கட்டில் சட்டம், தென்னை மட்டை, கழித்துக் கட்டிய துணி உலர்த்தும் கம்பி. கொடி அதைப் பற்றி ஒருபோதும் குறை சொல்வதில்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வரிசை வரிசையாகக் கல்கால்கள் நிற்கும். மேலே கம்பி துருப்பிடிக்கும், மாற்றுவார்கள், கொடியைக்கூட மாற்றுவார்கள். கல்கால் அப்படியே நிற்கும். வீட்டுத் தோட்டத்துக்குக் கல்கால் தேவையில்லை, வண்டிக் கூலியே கட்டுப்படியாகாது. ஆனால் அந்த விவசாயி செலவை எங்கே வைத்தார் என்பதைக் கவனிக்கலாம்.

காலுக்கு எந்த மரம் என்று கேட்டால், உங்கள் ஊரில் எது மலிவோ அது. கடலூர், விழுப்புரம் பக்கம் சவுக்கு. கன்னியாகுமரியில் கமுகு. தூத்துக்குடிப் பக்கம் பனை. இராமநாதபுரத்துக்காரர்கள் தினமும் திட்டுகிற சீமைக் கருவேல், பந்தல் காலுக்கு அருமையான மரம். வளைந்து நெளிந்து இருக்கும், முள்ளைச் செதுக்க வேண்டும், அவ்வளவுதான். கட்டை வைரம் பாய்ந்தது, பெரும்பாலும் வெட்டிக்கொண்டு போனால் போதும் என்று சும்மாவே கொடுப்பார்கள். கட்டட வேலை முடிந்த இடங்களில் சாரம் கட்டிய சவுக்குக் கம்புகள் பாதி விலைக்குக் கிடைக்கும். மூங்கில் வாங்குபவர்கள் அதைச் சில வாரம் குளத்திலோ தொட்டியிலோ ஊறப்போட்டு, நிழலில் உலர்த்திவிட்டு நடுவது நல்லது. மூங்கிலில் உள்ள மாவுச்சத்து நீரில் கரைந்துவிட்டால் துளைக்கும் வண்டுக்கு அதன்மேல் ஆசை குறைந்துவிடும்.

மண்ணில் நட்ட கம்பு எங்கே உளுத்துப்போகும் என்று ஒரு பழைய வேலிக்காலைப் பிடுங்கிப் பாருங்கள். அடிமுனை பெரும்பாலும் ஓரளவு நன்றாகவே இருக்கும். தரைமட்டத்தில்தான் இற்றுப்போயிருக்கும். ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கும் இடம் அது. பூஞ்சைக்கு இரண்டும் வேண்டும். கறையானும் அந்த வழியாகத்தான் ஏறும். இதற்காகச் சிலர் வாகனங்களில் வடித்த கழிவு எண்ணெயைக் கம்பில் பூசுகிறார்கள். சாப்பிடும் காய் விளைகிற மண்ணில் அதைக் கலக்க வேண்டாம். வேறு வழி இருக்கிறது. பிளம்பர் வெட்டிப்போட்ட நான்கு அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டு, இரண்டடி நீளத்தில் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். குழியின் அடியில் ஒரு சாண் ஜல்லி போட்டு, அதன்மேல் குழாயை நிறுத்தி, சுற்றிலும் செங்கல் உடைசலும் மண்ணும் போட்டு இடியுங்கள். குழாயின் வாய் தரைக்கு மேல் நான்கு விரல் தெரியட்டும். அதற்குள் மூன்று அங்குலக் கம்பை இறக்கி, இடைவெளியில் சில்லுக் கல்லைத் திணித்து இறுக்கிவிடுங்கள். உள்ளே போகும் நீர் ஜல்லி வழியாக வடிந்துவிடும். கம்பு போனால் உருவி எடுத்துவிட்டு வேறு கம்பைச் செருகலாம். மறுபடியும் குழி வெட்ட வேண்டியதில்லை.

உயிருள்ள காலும் உண்டு. சோழவந்தான் பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியை முதலில் வளர்த்து, அதில்தான் கொடியை ஏற்றுவார்கள். வீட்டில் கிளுவை, கல்யாண முருங்கை, சீமை அகத்தி இவற்றில் ஏதாவது ஒன்றின் போத்தை, அதாவது வெட்டிய கிளைத் துண்டை, மழைக்காலத்தில் நட்டால் வேர்விட்டு நின்றுவிடும். செலவு ஒரு பைசாவும் இல்லை. ஆனால் அது தழைத்துக்கொண்டே இருக்கும். அவ்வப்போது கழிக்காவிட்டால் காய்க்கு வர வேண்டிய வெயிலை அதுவே வாங்கிக்கொள்ளும். ஆடு வளர்ப்பவர்கள் வீட்டில் இந்தக் கவலை இல்லை.

இனி அளவு. பத்தடிக்குப் பத்தடிப் பந்தல் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். மூலைக்கு ஒன்றாக நான்கு கால், நடுவில் ஒன்று, ஆக ஐந்து. எட்டடிக் கம்பு, அதில் இரண்டடி மண்ணுக்குள்ளே, ஆறடி வெளியே. ஆறடி என்பது பொதுவான கணக்கு. பந்தலின் உயரத்தை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் வீட்டில் காய் பறிப்பவர். அவர் கையைத் தூக்கினால் கம்பியைத் தொட வேண்டும், தலை இடிக்கக் கூடாது. நாற்காலி போட்டு ஏறிப் பறிக்கும் பந்தல் இரண்டாம் மாதமே கவனிப்பாரற்றுப் போகும். புடலையில் மட்டும் இரகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 2 குட்டை இரகம், காய் ஒரு அடிக்குள் நின்றுவிடும், ஆறடி போதும். ஐந்தடி, ஆறடி தொங்கும் நெட்டைப் புடலை போடுபவர்கள் இன்னும் ஒரு அடி உயர்த்தினால்தான் காய் தரையில் இடிக்காமல் வளரும்.

அடுத்த விஷயத்தைச் சற்று நிதானமாகக் கேளுங்கள், பந்தல்கள் பெரும்பாலும் இங்கேதான் விழுகின்றன. மேலே கயிற்றையோ கம்பியையோ இழுத்துக் கட்டியதும் நான்கு மூலைக் கால்களும் உள்பக்கமாகச் சாயப் பார்க்கும். கொடியின் எடை ஏற ஏற இழுப்பும் கூடும். வயலில் இதற்கு வெளிப்பக்கமாக இழுவைக் கம்பி கட்டுகிறார்கள். சாய்வாகக் குழி வெட்டி, கம்பி சுற்றிய ஒரு பெரிய கல்லை அடியில் புதைத்து, மறுமுனையைக் காலின் தலையில் முறுக்கிவிடுவார்கள். வீட்டில் அதற்கு இடம் ஏது? இழுவைக் கம்பி அடுத்த வீட்டுக்காரர் மதிலைத் தாண்டிப் போகும், அல்லது பால்காரர் காலில் தட்டும். எனவே வீட்டுப் பந்தலுக்கு வேறு உபாயம். நான்கு மூலைகளையும் இணைத்து மேலே நான்கு குறுக்குக் கம்புகளைக் கட்டிவிடுங்கள். கயிறு உள்ளே இழுக்கும்போது கம்பு வெளியே தள்ளிப் பிடித்துக்கொள்ளும். இழுப்பும் தள்ளலும் சட்டத்துக்குள்ளேயே சமமாகிவிடுவதால் கால்களின் வேலை பளுவைத் தாங்குவதும் காற்றில் ஆடாமல் நிற்பதும் மட்டும்தான். நான்கு கம்பின் விலை அதிகம், ஆனால் தவிர்க்கக் கூடாத செலவு. மூலைகளில் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டுங்கள்; முறுக்கிய முனையை உள்ளே மடக்கிவிடுங்கள், கண்ணில் குத்தும் உயரம் அது.

இனிமேல் கஞ்சத்தனம் செய்யலாம். ஒன்றரை அடிக்கு ஒரு கயிறு வீதம் நீளவாட்டில் ஆறு, குறுக்குவாட்டில் ஆறு. ஒன்றின் மேலும் ஒன்றின் கீழுமாக மாற்றி மாற்றிக் கோத்துச் செல்லுங்கள். பன்னிரண்டு கயிறு, நூற்றிருபது அடி. முடிச்சுக்கும் சேர்த்து நூற்றைம்பது அடி வாங்கினால் சரியாக இருக்கும். தேங்காய் நார்க் கயிறு எனக்குப் பிடித்தது. கொடிக்குப் பிடிப்பு நன்றாகக் கிடைக்கும், ஒன்றிரண்டு பட்டம் தாங்கும். பெட்டிக்கடையில் தொங்கும் நீலநிற பிளாஸ்டிக் கயிறு வேண்டாம். வெயிலில் நைந்து தூள்தூளாக உதிரும், அந்தத் தூள் மண்ணிலேயே கிடக்கும். கடலோர ஊர்களில் கிழிந்த மீன்வலை மலிவாகக் கிடைக்கும். நெருக்கமான கண்ணுள்ள வலையாக இருந்தால் அதையும் வேண்டாம் என்பேன். ஓணான், பாம்பு, சிட்டு எல்லாம் மாட்டிக்கொள்ளும், எலி பிடிக்க வந்த சாரைப்பாம்பு வலையில் இறுகிச் சாவதைப் பார்க்கச் சகிக்காது. கை நுழையும் அளவு கண் இருந்தால் போதும், கொடி அதற்கு மேல் கேட்பதில்லை.

கொடி எப்படிப் பிடிக்கிறது என்பதில் ஒரு சுவையான கணக்கு இருக்கிறது. பாகல், பீர்க்கு, புடலை, சுரை, கோவை இவற்றுக்கெல்லாம் பற்றுக்கம்பி உண்டு. அதன் நுனி எதிலாவது உரசியவுடன் வளைந்து சுற்றிக்கொள்ளும். சுற்றியபின் நடுப்பகுதி சுருள ஆரம்பிக்கும். இரண்டு முனையும் கட்டுண்டு இருப்பதால் ஒரே திசையில் சுருள முடியாது. பாதி வலமாகவும் பாதி இடமாகவும் சுருளும், நடுவில் திரும்பும் இடம் கண்ணுக்கே தெரியும். சுருள்வில் மாதிரி அது நீண்டு சுருங்குவதால்தான் காற்றில் கொடி ஆடினாலும் பிடி அறுவதில்லை. ஆனால் அந்த நுனிக்கு மெல்லிய பிடிமானம்தான் வேண்டும். மூன்று அங்குலக் கம்பை அதனால் சுற்ற முடியாது. கம்பின் அடியில் விதை போட்டுவிட்டு ஏன் ஏறவில்லை என்று கேட்பவர்கள், கம்பைச் சுற்றிக் கொஞ்சம் கயிறு சுற்றிவிடுங்கள், ஏறிவிடும். அவரைக்கும் காராமணிக்கும் இந்தத் தொல்லை இல்லை. அவற்றுக்குப் பற்றுக்கம்பி கிடையாது, தண்டே கம்பைச் சுற்றி ஏறிவிடும்.

காலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு அடி நீள அகல ஆழத்தில் குழி, அதில் மேல்மண்ணோடு பத்துக் கிலோ மக்கிய தொழுவுரம். ஐந்து விதை போட்டு, முளைத்தபின் நல்ல இரண்டை மட்டும் விடுங்கள். மூன்றாவதைப் பிடுங்க மனம் வராது, பிடுங்கித்தான் ஆக வேண்டும். பக்கத்தில் சிறு முளைக்குச்சி அடித்து, அதிலிருந்து பந்தலுக்கு ஒரு சணல். சணலைத் தண்டில் கட்டாதீர்கள், தண்டு பருக்கும்போது அறுத்துவிடும். பந்தலை எட்டும்வரை பக்கக் கிளைகளை எடுத்துவிடுங்கள். எட்டியபின் நுனியைக் கிள்ளினால் அங்கிருந்து கிளை பிரிந்து நாலாபக்கமும் படரும். ஆரம்பத்தில் வரும் பூக்கள் பெரும்பாலும் ஆண்பூக்கள், உதிரத்தான் செய்யும். பூச்சிமருந்துக் கடைக்கு ஓட வேண்டாம்.

மொட்டைமாடிக்காரர்களுக்கு ஓரிரு வார்த்தை. தளத்தில் துளை போடாதீர்கள், மழைக்காலத்தில் அதற்கான விலையைக் கூரை கேட்கும். இருபது லிட்டர் பெயின்ட் வாளியில் கம்பை நிறுத்திக் கான்கிரீட் நிரப்பினால் ஒரு வாளி ஐம்பது கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை இருக்கும், அதுவே காலாகிவிடும். நிரப்பியபின் தூக்க முடியாது என்பதால் வைக்கும் இடத்திலேயே, கீழே சுவர் வரும் ஓரமாகப் பார்த்து நிரப்புங்கள். மாடியில் காற்று கடுமை. தட்டைப் பந்தலைக் காற்று அடியிலிருந்து தூக்கிப் பார்க்கும். அங்கே கூடார வடிவம் மேல். இரண்டிரண்டு மூங்கிலைத் தலையில் சேர்த்துக் கட்டி, உச்சியில் ஒரு கம்பைப் படுக்க வைத்து, அடிப்பக்கங்கள் விலகாதபடி ஒரு குறுக்குக் கம்பையும் கட்டி, வாளிகளோடு பிணைத்துவிடுங்கள். பாகலும் பீர்க்கும் அதில் நன்றாக வரும். சுரைக்காய் ஆசையை மட்டும் விட்டுவிடுவது நல்லது, அந்த எடையைத் தரையில் நிற்கும் பந்தல் சுமக்கட்டும். சரிவின் இரண்டு முகமும் கிழக்கும் மேற்கும் பார்த்தால் ஒரு பக்கம் காலை வெயில், மறுபக்கம் மாலை வெயில் என்று இரண்டுக்கும் பங்கு கிடைக்கும்.

தரையில் தட்டைப் பந்தல் போட்டவர்களுக்குக் கீழே நூறு சதுர அடி நிழல் மிச்சம். மஞ்சளும் சேனையும் அந்த அரைநிழலைப் பொறுத்துக்கொள்ளும். அல்லது ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். பீர்க்கம்பூ மாலையில்தான் விரியும், வேலை முடிந்து வரும் நேரத்துக்குச் சரியாக இருக்கும்.

காய்ப்பு ஓய்ந்ததும் கொடியை அடியில் அறுத்துவிட்டு ஒரு வாரம் அப்படியே காயவிடுங்கள். நார்க் கயிறு கட்டியவர்கள், அது நைந்திருந்தால் கயிறோடு சேர்த்து அறுத்து உரக்குழியில் போடலாம். நைலான் வலை வாங்கியவர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு சுருளாகப் பிய்க்க வேண்டியிருக்கும், அரை நாள் வேலை. அதே குழியில் மறுபடியும் புடலை போடாமல் அடுத்த பட்டத்துக்கு அவரை போடுங்கள். குறுக்குக் கம்பின் மூலைக் கட்டுகளை மட்டும் ஒருமுறை ஆட்டிப் பார்த்து, தளர்ந்திருந்தால் கட்டுக்கம்பியை மாற்றிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.