பாவாடையா, கால்சட்டையா: ஒரு கமோகிப் பருவம்

எல்லோருக்கும் வணக்கம்.

கமோகி என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். மூன்று பேர். சரி, அந்த மூவர் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்களுக்கு முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அயர்லாந்துப் பெண்களின் விளையாட்டு இது. ஆஷ் மரத்தில் செதுக்கிய, அடிப்பக்கம் அகன்ற மட்டை. கைக்குள் அடங்கும் தோல் பந்து. பந்தைக் கையால் பிடிக்கலாம், மட்டையில் ஏந்தியபடியே ஓடலாம். குறுக்குச் சட்டத்துக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி, மேலே பறந்தால் ஒன்று. பக்கத்துக்குப் பதினைந்து பேர். யாருக்கும் சம்பளம் கிடையாது; பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு மாலையில் மட்டையோடு வருகிறவர்கள்.

1904-இல் டப்ளின் பெண்கள் இதைத் தொடங்கியபோது நீளப் பாவாடையில் ஓடினார்கள். அந்தப் பாவாடை அடுத்த நூற்றாண்டிலும் விடவில்லை. 'ஸ்கார்ட்' என்று ஒன்று: வெளியே பாவாடை, உள்ளே கால்சட்டை. பயிற்சிக்குச் சாதாரணக் கால்சட்டையில் வருவார்கள். போட்டியன்று மட்டும் ஸ்கார்ட் கட்டாயமாக இருந்தது. குனிந்தால் ஏறுகிறது, விழுந்தால் விலகுகிறது, எதிரே கேமரா. வீராங்கனைகள் சங்கம் கருத்துக் கேட்டதில் 83 சதவீதம் பேர் எங்களுக்குத் தேர்வு வேண்டும் என்றார்கள். கமோகிச் சங்கத்தின் 2024 மாநாட்டில் அந்தத் தீர்மானம் தோற்றது. மறுபடி 2027-இல்தான் கொண்டுவரலாம் என்றார்கள்! ஓடுகிறவள் ஒருத்தி, ஓட்டுப் போடுகிறவர் வேறொருவர்.

2025 மே மாதம், லெய்ன்ஸ்டர் மாகாண அரையிறுதி. டப்ளினும் கில்கென்னியும். அன்று ஒருவரையொருவர் வெல்ல வந்த இரண்டு அணியும் பேசி வைத்துக்கொண்டு கால்சட்டையில் களமிறங்கின. எனக்கு இந்தப் பருவத்திலேயே பிடித்த இடம் இதுதான். மாற்றாவிட்டால் ஆட்டமே கிடையாது என்றார் நடுவர். அத்தனை பேரும் திரும்பிப் போய் உடை மாற்றி வந்து ஆடினார்கள். பணிந்துவிட்டார்கள் என்று தோன்றும். ஆனால் அந்தப் படங்கள் நாடு முழுக்கப் பரவிவிட்டன. சில நாளில் கார்க், வாட்டர்ஃபோர்டு மோதவேண்டிய மன்ஸ்டர் மாகாண இறுதி, இதே உடைச் சர்ச்சையில் கடைசி நேரத்தில் தள்ளிவைக்கப்பட்டது. மே 22-இல் டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் சிறப்பு மாநாடு: உடையை வீராங்கனைகளே தேர்ந்தெடுக்கலாம் என்பதற்கு 98 சதவீதம் ஆதரவு, நள்ளிரவிலிருந்தே அமல். மூன்றாண்டு பொறுக்கச் சொன்ன காரியம் மூன்று வாரத்தில் முடிந்தது.

இத்தோடு பேச்சை நிறுத்தினால் உடையைப் பற்றியே பேசின பாவம் எனக்கு வரும். ஆட்டத்துக்கு வருவோம். ஆகஸ்ட் 10, அதே குரோக் பார்க், அயர்லாந்துச் சாம்பியனுக்குத் தரும் ஓ'டஃபி கோப்பைக்கான இறுதி. 2023, 2024 இரண்டிலும் வென்ற கார்க் மூன்றாவதற்கு நிற்கிறது, எதிரே கால்வே. முதல் பாதியிலேயே கார்க் ஒருவரை சிவப்பு அட்டையில் இழந்தது. பதினான்கு பேராக இருந்தும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆட்டம் தடைபட்டதற்கு ஈடாகச் சேர்த்த கடைசி நிமிடங்களிலும் இரண்டு அணியும் சமநிலை. எதிரணியின் தவறுக்காகக் கால்வேக்கு ஒரு ஃப்ரீ, அதாவது தடையில்லாத அடி, கிடைக்கிறது. கோல் வெகு தூரம். கேரி டோலன் பந்தை மட்டையால் தூக்கி ஓங்கி அடிக்கிறார். சட்டத்துக்கு மேலே போகிறது. கால்வே ஒரு கோல் 14 புள்ளி, கார்க் ஒரு கோல் 13 புள்ளி.