நோட்டில் ஏறும் டோஸ்

எல்லோருக்கும் வணக்கம்.

1994-இல் டென்மார்க்கில் மனிதர்களுக்குக் கொடுத்த வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் 24 கிலோ. அதே வருடம், அதற்குப் பங்காளி முறையான அவோபார்சினை அந்த நாட்டுப் பண்ணை விலங்குகள் தின்றது 24,000 கிலோ! நோய்க்காக இல்லை, சீக்கிரம் எடை போடட்டும் என்று தீவனத்தில் கலந்தார்கள். அவோபார்சினுக்குப் பழகிய கிருமி வான்கோமைசினுக்கும் சாகாது. மற்ற மருந்து எதுவும் கேட்காதபோது டாக்டர் கை வைப்பதோ அந்த வான்கோமைசினில்தான். 1995-இல் அவோபார்சினுக்குத் தடை வந்தது. அதே வருடம் கால்நடை மருத்துவர் மருந்து விற்று எடுக்கும் லாபத்துக்கும் வரம்பு போட்டார்கள். சீட்டு எழுதுகிறவரே கடையும் வைத்திருந்தால் சீட்டு நீளத்தானே செய்யும்.

சரி, எண்ணுகிற கதைக்கு வருகிறேன். 2000-இல் வெட்ஸ்டாட் என்ற தேசியப் பதிவேடு தொடங்கியது. கடையில் ஒரு பாட்டில் மருந்து விற்றால் எந்தப் பண்ணைக்கு, தாய்ப்பன்றிக்கா பால் மறந்த குட்டிக்கா, கழிச்சலுக்கா இருமலுக்கா, எல்லாம் அதில் ஏறும். நம்மூர் பால் சொசைட்டி நோட்டில் ஒவ்வொரு வீட்டுப் பாலும் ஏறுகிற மாதிரி.

கிலோ கணக்கு மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். டெட்ராசைக்ளின் என்ற பழைய ஆன்டிபயாடிக் நிறையக் கொட்ட வேண்டிய இடத்தில், மனிதர்களுக்கு மிக முக்கியமான புளுரோகுயினலோன் வகை மருந்து துளி போதும். பண்ணைக்காரர் இதற்கு மாறினால் கிலோ இறங்கும், ஆபத்து ஏறும். அதனால் டோஸாக எண்ணுகிறார்கள்: 100 குட்டிகள் இருந்தால், ஒரு நாளில் எத்தனைக்கு மருந்து போகிறது?

நோட்டு வந்ததும் பயன்பாடு இறங்கியதா என்றால், இல்லை. பன்றிகளில் 2009 வரை ஏறிக்கொண்டுதான் போனது. நோட்டில் இருந்ததைப் பண்ணைக்காரர் முன்னால் யாரும் நீட்டவில்லை என்பது என் எண்ணம்.

2010-இல் நீட்டினார்கள். கால்பந்து மைதானத்தில் காட்டுவார்களே, அந்த மஞ்சள் அட்டை. நாட்டின் சராசரியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கைத் தாண்டிய பண்ணைக்கு அட்டை. குறைக்க 9 மாதம் அவகாசம். சோதனைக்கு வரும் அதிகாரிகளின் செலவும் பண்ணைக்காரர் தலையில்தான். அப்படியும் குறையவில்லை என்றால் கடைசியில் சிவப்பு அட்டை: பன்றிகளின் எண்ணிக்கையையே குறைக்க வேண்டும். 2009-ஐ விட 2011-இல் பன்றிகளுக்கான ஆன்டிபயாடிக் ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. குட்டிகளுக்குத் தடுப்பூசி கூடியது.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். கொலிஸ்டினும் மனிதர்களுக்குக் கடைசி ஆயுதம். டென்மார்க் பன்றிப் பண்ணைகளில் அதை நேரடியாகத் தடை செய்யவில்லை. 2017 முதல், ஒரு டோஸ் போட்டால் நோட்டில் 10 என்று எழுதுவோம் என்றார்கள்; அப்படி எழுதினால் மஞ்சள் அட்டை சீக்கிரம் வந்துவிடுமே. பன்றிகளில் கொலிஸ்டின் கிட்டத்தட்ட நின்றேபோனது. நம் நாடு 2019 ஜூலையில் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதைத் தடையே செய்துவிட்டது. நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணை நண்பர்கள் சிலர் இங்கே முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்கள் ஷெட்டில் போன மாதம் எந்த மருந்து எத்தனை டோஸ் போனது, எழுதி வைத்திருக்கிறீர்களா? டீ இடைவேளையில் கேட்பேன்.