நிற்கப் பழகிய நாய்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்று பழமொழி சொல்வோம். விடுமுறை நாள் அணிவகுப்புக்கு ஒரு கூட்டம் நாய்களை அழைத்துப் போய் வந்தவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே நாய்க்கு இருக்கிற வேலையே நிற்பதுதான். எங்கள் குழு முதல் தடவை போனபோது சாலையில் நடந்தது 40 நிமிடம். அதற்கு முன்னால் காத்திருந்தது இரண்டே கால் மணி நேரம்.

ஆறு வாரம் பயிற்சி கொடுத்திருந்தோம். இடப்பக்கம் ஒட்டி நட, திரும்பு, வேகத்தைக் குறை, எல்லாம் கச்சிதம். ஆனால் நிற்பதற்கு ஒரு நாள்கூடப் பழக்கவில்லை. வரிசை கிளம்பும்போது எங்கள் 14 நாய்களில் இரண்டு சண்டை போட்டு முடித்திருந்தன. ஒன்று குரைத்துக் குரைத்துத் தொண்டை கட்டிப்போய் இருந்தது. பக் என்கிற சப்பை மூக்கு நாய் ஒன்று நாக்கைத் தரையைத் தொடுகிற மாதிரி தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. சாலையோரம் நின்றவர்கள் கைதட்டினார்கள். அவர்களுக்கு என்ன தெரியும், பாவம்.

2016ஆம் ஆண்டு தில்லி குடியரசு நாள் அணிவகுப்பில், 26 ஆண்டுகளுக்குப் பிறகு ராணுவத்தின் நாய்ப்படை நடந்தது. பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், லாப்ரடார்களும் ஜெர்மன் ஷெப்பர்டுகளும் இம்மி பிசகாமல் போயின. பிரிட்டனின் ஐரிஷ் கார்ட்ஸ் படைப்பிரிவில் 1902 முதல் ஐரிஷ் உல்ஃப்ஹவுண்டு இன நாய், ஒன்று மாற்றி ஒன்றாக, படையின் அடையாளமாகவே இருந்து வருகிறது. புனித பாட்ரிக் திருநாளில் அதுவும் அணிவகுப்பில் வரும். அதைப் பார்த்துவிட்டு நம் வீட்டு நாயையும் அப்படி நடத்திவிடலாம் என்று ஆசைப்படுவது இயற்கைதான். ஆனால் அந்த நாய்களுக்கு அதுதான் உத்தியோகம். நாம் அழைத்துப் போவதோ நேற்று மத்தியானம் வரை சோஃபாவில் படுத்திருந்த பிராணிகளை.

அதனால் முதல் வேலை, எந்த நாயை அழைத்துப் போகக் கூடாது என்று முடிவு செய்வது. இதில்தான் மனஸ்தாபம் வரும். “என் பிள்ளை ஒன்றுமே செய்ய மாட்டான்” என்று சொல்லாத வளர்ப்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை. பிள்ளை ஒன்றும் செய்ய மாட்டான், சரி. பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாயின் காது 45,000 வரை கேட்கும். நமக்கு ஒலிபெருக்கி கீச்சிட்டால் முகம் சுளித்துவிட்டு மறந்துவிடுவோம். நாய் அந்த நேரத்தில் வேறென்னவெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கிறதோ.

நான் வைக்கும் பரீட்சை எளிமையானது. சற்று இரைச்சலான ஓர் இடத்துக்கு நாயை அழைத்துப் போய்ப் பத்து நிமிடம் சும்மா நிற்போம். பிறகு அதற்கு மிகப் பிடித்த பிஸ்கட்டை நீட்டுவேன். வாங்கித் தின்றால் நல்லது. வீட்டில் கையோடு சேர்த்துக் கடித்துப் பிடுங்குகிற நாய் இங்கே முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால், அது பசியில்லாததால் அல்ல. உள்ளுக்குள் பயம் கழுத்து வரை வந்துவிட்டது என்று அர்த்தம். ஒருவர் என்னோடு வாதாடிக்கொண்டே இருந்தார், “பாருங்கள், எவ்வளவு அமைதியாக நிற்கிறாள்” என்று. அந்த நாயின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். உதட்டை நக்கிக்கொண்டே இருந்தது. முன்னங்கால் ஒன்று தரையில் படாமல் தூக்கியபடி. கண்ணின் ஓரத்தில் வெள்ளை, பிறை மாதிரி தெரிந்தது. தூக்கம் வராத நேரத்தில் ஒரு கொட்டாவி, அப்புறம் இன்னொன்று. இதெல்லாம் நாய் சொல்கிற ‘போய்விடலாமே’. வால் கால்களுக்கு நடுவே போன பிறகுதான் பயம் என்று நாம் நினைக்கிறோம். அதற்குள் அது நாலு தடவை சொல்லி முடித்திருக்கும்.

என் வீட்டு நாய் மணியும் இந்தப் பரீட்சையில் தேறவில்லை. கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்தினாலே கட்டிலுக்கடியில் போகிறவன் அவன். குழுவை நடத்துகிறவனின் நாயே வரிசையில் இல்லை என்பது ஒருவகையில் வசதியாகப் போயிற்று. மற்றவர்களிடம் ‘வேண்டாம்’ என்று சொல்ல வாய் வந்தது. முழுத் தடுப்பூசி போடாத குட்டி, இணைசேரும் பருவத்தில் இருக்கும் பெண் நாய், மூட்டு வலியுள்ள கிழம், இவற்றுக்கெல்லாம் விவாதமே கிடையாது. வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் பெயரை எழுதுவேன்.

இரண்டாம் ஆண்டு பயிற்சியைத் தலைகீழாக மாற்றினோம். பாதி நேரம் நடை, பாதி நேரம் வெறுமனே நிற்பது. ஒரு பழைய விரிப்பு, பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம், பிடிப்பவர் கீழே உட்கார்ந்திருப்பார். நாய் படுத்தால் ஒரு துண்டுத் தீனி. எதுவும் நடக்காத அரை மணி நேரத்தைக் கற்றுக்கொடுப்பது போல அலுப்பான வேலை உலகத்தில் இல்லை. நாய்களைவிட மனிதர்களுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. கைப்பேசியை எடுக்காதீர்கள் என்று நான் கத்திக்கொண்டே இருப்பேன்.

மேளச் சத்தத்துக்கும் அப்படித்தான். பேண்டு வாத்தியத்தைப் பதிவு செய்து, காதில் விழுந்தும் விழாத அளவில் வைத்துத் தீனி போடுவோம். சில நாள் கழித்துக் கொஞ்சம் கூட்டுவோம். நாய் தின்பதை நிறுத்தினால் சத்தத்தைக் குறைக்க வேண்டும். பழகட்டும் என்று விட்டுவிடக் கூடாது. பயந்தபடி நின்ற நாய் பழகுவதில்லை, அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் பயப்படும். புது நாய்களை முகத்துக்கு முகம் அறிமுகம் செய்வதும் தப்பு. தள்ளித் தள்ளி, ஒரே திசையில், இணையாக நடக்க விட்டால் கால் மணியில் ஒன்றின் வாசனை மற்றதற்குப் பழகிவிடும்.

அணிவகுப்பு நாளுக்கு வருவோம். ஏற்பாட்டாளர்களிடம் முன்கூட்டியே மூன்று கேளுங்கள். எங்களுக்கு முன்னும் பின்னும் யார் வருகிறார்கள்? பட்டாசு உண்டா? பாதி வழியில் வெளியேற வேண்டுமானால் எந்தத் தெரு? மூன்றாவதுதான் முக்கியம். எங்கள் வண்டி ஒன்றை அந்தத் தெருமுனையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிறுத்தினோம். முதல் கேள்வியை நாங்கள் முதல் ஆண்டு கேட்கவில்லை. எங்களுக்கு முன்னால் குதிரைகள் போயின. குதிரை போனால் சாணமும் போடும் அல்லவா? நாய்க்கு அது விருந்து. ஆறு வாரம் பழக்கிய வரிசை, ஒரு குவியலைச் சுற்றி வட்டமாகிவிட்டது. அன்று வாங்கிய கைதட்டல்களிலேயே பெரியது அதற்குத்தான்.

நாய்க்கு ஓர் ஆள். இரண்டு நாயை ஒருவர் பிடிப்பது தெருவில் சரி, அணிவகுப்பில் வேண்டாம். வார் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம், தானாக நீண்டு சுருங்குகிற வகை வேண்டவே வேண்டாம். கழுத்துப் பட்டையைவிட மார்புப் பட்டை நல்லது, பயந்த நாய் எளிதில் உருவிக்கொள்ள முடியாது. அணிவகுப்பு சீராக நகராது, ரப்பர் மாதிரி இழுபட்டு, சுருங்கி, திடீரென்று நிற்கும். அதனால் முன் நாயின் வாலுக்கும் பின் நாயின் மூக்குக்கும் இடையே இரண்டு மீட்டராவது விடுவோம். இரண்டு ஓரங்களிலும் நாய் இல்லாத ஆட்கள் நடப்பார்கள். குழந்தைகள் கையை நீட்டிக்கொண்டு ஓடி வருவார்கள், அவர்களை முகம் கோணாமல் தடுக்க வேண்டும். வேடிக்கை பார்ப்போருக்கு மிட்டாய் வீசுகிற வழக்கம் உள்ள இடமென்றால் கண் தரையிலேயே இருக்கட்டும். சாக்லேட்டும், சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கிற சைலிட்டால் கலந்த சூயிங்கமும் நாய்க்கு விஷம். கடைசியில் ஒருவர் வாளியும் பையுமாக வருவார். எங்கள் குழுவில் அந்தப் பதவிக்குப் போட்டியே உண்டு, அவருக்குத்தான் ரசிகர்கள் அதிகம்.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டும்தான், அதுவும் பேருக்கு. இளைப்பு வாங்கித்தான் அது உடம்பைத் தணிக்க வேண்டும். பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு அதுவும் சரியாக முடியாது. நாயின் உடல்வெப்பம் இயல்பிலேயே 38, 39 டிகிரி செல்சியஸ் இருக்கும். 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நாய் தள்ளாடினால், ஈறு செக்கச் செவேலென்று ஆனால், நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிவிட்டு, அப்புறம்தான் மருத்துவரிடம் ஓட வேண்டும். கிளம்பும் முன் புறங்கையைத் தார்ச்சாலையில் 7 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியவில்லையென்றால் அதன் பாதத்தாலும் முடியாது. அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டாலும் திரும்பிவிடுங்கள்.

இதே காரணத்துக்காகத்தான் எனக்கும் வேஷம் கட்டுகிறவர்களுக்கும் ஒத்துப்போவதில்லை. தலையில் தொப்பி, முதுகில் இறக்கை, காலில் சலங்கை. பார்க்க அழகுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உடம்பை மூடினால் சூடு, காதை மூடினால் மிரட்சி. கழுத்தில் ஒரே நிறத்தில் கைக்குட்டை, அவ்வளவுதான் எங்கள் சீருடை. வேஷம் வேண்டுமென்றால் மனிதர்கள் போட்டுக்கொள்ளட்டும். ஒருவர் போட்டுக்கொண்டும் வந்தார், எலும்புத்துண்டாக.

இரண்டாம் ஆண்டு 14 இல்லை, 9 நாய்கள்தான். காத்திருக்கும் இடத்தில் மரநிழல் பிடித்து விரிப்புகளைப் போட்டோம். பக்கத்தில் பேண்டுக் குழு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. முதல் ஆண்டு தொண்டை கட்டும்வரை குரைத்த அதே டைகர், ஒருக்களித்துப் படுத்து, பெரிய மேளம் அதிர அதிரத் தூங்கிக்கொண்டிருந்தான். ஒன்றரை மணி நேரம் கழித்து விசில் ஊதினார்கள், முன்வரிசை நகர்ந்தது. அவனைப் பிடித்திருந்தவர் வயிற்றில் லேசாகத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. எழுந்தான், முன்னங்கால்களை நீட்டிச் சோம்பல் முறித்தான், வாயை அகலத் திறந்து ஒரு கொட்டாவி விட்டான். நான் பதறிப்போய்க் குனிந்து கண்ணைப் பார்த்தேன். வெள்ளை தெரியவில்லை. உதட்டை நக்கவில்லை. நிஜமான தூக்கக் கொட்டாவிதான்.

நன்றி, வணக்கம்.