எரிகிறதைப் பிடுங்குவோம்

அவைத் தலைவர் அவர்களே, இந்தக் கூட்டத்தைக் கூட்டிய மன்றத்தின் செயலாளர் அவர்களே, தம் அலுவல்களுக்கிடையே வந்து அமர்ந்திருக்கும் மேயர் அவர்களே, நுரையீரல் நோய்களைப் பற்றி எனக்கு முன்னால் அருமையாக விளக்கிய மருத்துவர் அவர்களே, இடமில்லாமல் நின்றுகொண்டே கேட்கும் இளைஞர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஆலைப் புகைபோக்கி, வாகனம், சாலைப் புழுதி, அறுவடைக்குப் பின் வயலில் எரியும் பயிர்த் தாள் என்று நான்கைப் பற்றியும் பேசுவேன் என அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். நான்குக்கும் முன்னால் ஒரு பழமொழி: எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும். பானை பொங்கினால் மூடியைத் தேடி ஓடுகிறோம், கீழே எரியும் கொள்ளியை விட்டுவிடுகிறோம்.

1952 டிசம்பர் 5, லண்டன் மாநகரம். கடுங்குளிர். காற்று அசையவில்லை. மேலே வெப்பக் காற்று மூடிபோல் நிற்க, கீழே குளிர்ந்த காற்று சிக்கிக்கொண்டது. வீட்டுக்கு வீடு கணப்பில் நிலக்கரியை அள்ளிப் போட்டார்கள். என்ன கரி? நல்ல கரி ஏற்றுமதிக்குப் போய்விட்டது. கந்தகம் மிகுந்த மட்டமான தூள்கரிதான் வீடுகளுக்கு வந்தது. பேருந்துக்கு முன்னால் நடத்துநர் விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஓர் அரங்குக்குள் புகை புகுந்து இசை நாடகம் பாதியில் நின்றது. கண்காட்சிக்கு வந்த கொழுத்த மாடுகள் மூச்சுத் திணறிச் செத்தன. ஐந்து நாள்! முதல் கணக்கில் 4,000 பேர் இறந்தார்கள். பின்னாளைய ஆய்வுகள் 12,000 வரை போகின்றன. அரசோ, காய்ச்சல்மேல் பழியைப் போட்டுப் பார்த்தது.

பிறகு என்ன செய்தார்கள்? 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. குறித்த பகுதிகளில் புகை கக்கும் கரிக்குத் தடை. தடையோடு நிற்காமல், வீட்டுக் கணப்பை மாற்றும் செலவில் பத்தில் ஏழு பங்கைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதனால்தான் சட்டம் வீட்டுக்குள் நுழைந்தது. எரிகிறதைப் பிடுங்கினார்கள், ஐயா!

அனல்மின் நிலையத்துக்கு வருவோம். சாம்பலைப் பிடிக்க, மின்னேற்றத்தால் துகளை இழுக்கும் மின்னிலை வடிகட்டி இருக்கிறது. 99 விழுக்காட்டுக்கு மேல் பிடிக்கும். ஆனால் கந்தக டையாக்சைடு வாயு. அது வடிகட்டியில் நிற்காது. அதற்குச் சுண்ணாம்புக் கல்லைக் கரைத்த குழம்பைப் புகையில் தெளிக்க வேண்டும், வாயு அதோடு சேர்ந்து ஜிப்சமாகிவிடும். தண்ணீரும் மின்சாரமும் செலவாவதால், கண்காணிக்காத நேரத்தில் புகையை மாற்றுவழியில் திருப்பிவிடும் ஆசை வரும். புகைபோக்கியில் இடைவிடாத அளவீட்டுக் கருவி, அதற்குத் தவறாத தரச்சோதனை, இரண்டும் இல்லாத சட்டம் காகிதம்தான்.

இப்போது நான் ஊர் ஊராகச் சொல்லிவரும் டீசல். டீசலில் கந்தகம் 10 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் பத்து பங்கு என்ற அளவுக்குள் இருக்க வேண்டும். சுத்திகரிப்பு ஆலையில் ஹைட்ரஜனையும் வேதிவினையைத் தூண்டும் கோபால்ட், மாலிப்டினம் வினையூக்கியையும் கொண்டு இதைச் செய்யலாம். கந்தகம் மிகுந்தால் வண்டியின் புகைக்குழாயில் இருக்கும் வினையூக்கி நஞ்சேறிச் செயலிழக்கும். அதற்குப் பின்னால் இருக்கும் புகைத்துகள் வடிகட்டியில் சேரும் கரி, வினையூக்கியின் துணையில்லாமல் தானாக எரிய ஏறக்குறைய 600 டிகிரி வெப்பம் வேண்டும். நெரிசலில் ஊர்ந்து போகும் பேருந்துக்கு அந்தச் சூடு எப்படி வரும்? அடைப்பு ஏறும், இழுவை குறையும், கடைசியில் பட்டறையில் வடிகட்டியையே துளைத்துவிடுவார்கள். புது வண்டிக்கு விதி போட்டுக் கந்தகம் மிகுந்த பழைய எண்ணெயை ஊற்றினால் இதுதான் நடக்கும். எரிகிறதைப் பிடுங்காமல் மூடியை விற்கிறோம்!

புழுதிக்கும் வயல் தாளுக்கும் நேரமில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பொறுத்தருள வேண்டும். ஒன்று மட்டும்: தாளை எரிக்காதே என்று சொல்பவர்கள், அதை மடக்கி உழும் இயந்திரத்தை அறுவடை முடிந்த வாரத்துக்குள் வாடகைக்குத் தர வேண்டும்.

மேயர் அவர்களிடம் மேடையிலேயே ஒரு விண்ணப்பம். மாநகராட்சி வண்டிகளுக்கு வரும் டீசலை, லாரியில் அல்ல, பம்பின் மூக்கில் மாதிரி எடுத்துச் சோதியுங்கள். பழைய எண்ணெய் தங்கிய தொட்டியில் நல்ல எண்ணெயும் கெடும். மாதந்தோறும் வரும் கந்தக அளவைப் பணிமனை வாசலில் எழுதிப் போடுங்கள். இதைத் தீர்மானமாக முன்மொழிகிறேன். வழிமொழிய மருத்துவரை அழைக்கிறேன்.