லைம் ரிப்போர்ட்: 41-க்கு எதிரே பாசிட்டிவ், கடைசியில் நெகட்டிவ். எப்படி?

[திரை: ஆய்வக ரிப்போர்ட். ஐஜிஜி என்ற தலைப்பின் கீழ் பத்து எண்கள். 41-க்கு எதிரே மட்டும் சிவப்பில் பாசிட்டிவ்.]

வணக்கம். லைம் நோய்க்கான ரத்தப் பரிசோதனையின் இந்தத் தாளைக் கையில் வாங்கியதும் கண் நேராக அந்தச் சிவப்பு எழுத்துக்குத்தான் போகும். ஆனால் கடைசி வரியில் நெகட்டிவ் என்று போட்டிருக்கிறார்கள். ஆய்வகம் குழம்பிவிட்டதா? இல்லை.

லைம் என்பது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஓர் ஊர். 1975 வாக்கில் அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பலருக்கு மூட்டு வீங்கியதிலிருந்துதான் நோய்க்கு இந்தப் பெயர். பரப்புவது உண்ணி. காரணம் பொரேலியா என்ற பாக்டீரியா.

இந்தப் பரிசோதனை அந்தக் கிருமியைத் தேடுவதே இல்லை. ரத்தத்தில் அது மிகக் குறைவாகத்தான் இருக்கும், எளிதில் சிக்காது. அதனால் அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடியைத் தேடுகிறார்கள். திருடனைப் பிடிக்க முடியவில்லை, நாய் குரைத்ததா என்று தெருவில் விசாரிக்கிறோம். அவ்வளவுதான்.

[திரை: தோலில் படர்ந்த தடிப்பு, வெவ்வேறு நிறத் தோல்களில்.]

நாய் உடனே குரைக்காது. ஆன்டிபாடி தெரியும் அளவுக்கு வர சில வாரங்கள் ஆகும். தோலில் வட்டமாகப் படரும் தடிப்பு அதற்கு முன்பே வந்துவிடும். அந்த நேரத்தில் ரத்தம் கொடுத்தால் பலருக்கு நெகட்டிவ்தான் வரும். அதனால் உண்ணி உள்ள பகுதியில் இருந்தவருக்கு அந்தத் தடிப்பு தெளிவாக இருந்தால், டாக்டர்கள் டெஸ்டுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். நியூ ஜெர்சியிலும் கனெக்டிகட்டிலும் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை: நம் நிறத்துத் தோலில் அது படத்தில் வருவதுபோலச் சிவப்பாக இருக்க வேண்டியதில்லை, அடிபட்டுக் கன்றிப்போனது போலவும் தெரியலாம்.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். முதலில் எலைசா என்ற ஆன்டிபாடி டெஸ்ட். அது நெகட்டிவ் என்றால் அங்கேயே நின்றுவிடும். பாசிட்டிவ் அல்லது சந்தேகம் என்றால், அதே ரத்தத்தில் வெஸ்டர்ன் பிளாட்.

[திரை: மெல்லிய வெள்ளைப் பட்டை. அதில் கோடுகள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன.]

கிருமியின் புரதங்களை எடை வாரியாகப் பிரித்து ஒரு பட்டையில் ஏற்றுகிறார்கள். அதன்மேல் உங்கள் சீரத்தை, அதாவது ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரை, ஊற்றினால், ஆன்டிபாடி ஒட்டும் இடத்தில் கோடு விழும். 18, 23, 41, 93 எல்லாம் அந்தப் புரதங்களின் எடை, கிலோடால்டன் என்ற நுண்ணிய அலகில். மார்க் இல்லை!

41 என்பது கிருமி நீந்தப் பயன்படுத்தும் வாலின் புரதம். அதேபோன்ற வால் வேறு பல பாக்டீரியாக்களுக்கும் உண்டு. அதனால் லைம் நோயே வராத பலருக்கும் இந்தக் கோடு விழும். தெருவில் போன வேறு யாரையோ பார்த்துக் குரைத்த நாய் இது. அதனால்தான் 1994-இல் மிச்சிகனின் டியர்பார்னில் கூடிய நிபுணர்கள், ஐஜிஜியில், அதாவது தாமதமாக வந்து நெடுநாள் தங்கும் ஆன்டிபாடி வகையில், பத்துக் கோடுகளில் குறைந்தது ஐந்து வேண்டும் என்று வரையறுத்தார்கள். நம் தாளில் ஒன்றுதான். எனவே நெகட்டிவ்.

ஐஜிஎம், அதாவது முதலில் வரும் ஆன்டிபாடி வகை, அந்தப் பகுதியில் கவனம் வேண்டும். அங்கே மூன்றில் இரண்டு போதும், அந்த மூன்றில் 41-உம் ஒன்று. இன்னொரு கோடு தப்பித்தவறி விழுந்தால் பாசிட்டிவ் ஆகிவிடும். அறிகுறி தொடங்கி 30 நாளுக்குள் எடுத்த ரத்தத்துக்குத்தான் ஐஜிஎம்மைக் கணக்கில் எடுப்பார்கள். ஆறு மாதமாக முழங்கால் வலிப்பவருக்கு ஐஜிஎம் மட்டும் பாசிட்டிவ் என்றால், நான் முதலில் அந்த டெஸ்டைத்தான் சந்தேகிப்பேன்.

2019 முதல் அமெரிக்காவில் பட்டைக்குப் பதிலாக இரண்டாவது எலைசா வகை டெஸ்டும் செய்கிறார்கள். அந்த ரிப்போர்ட்டில் கோடுகளே இருக்காது.

அப்புறம், சிகிச்சை முடிந்து நலமானவர்களுக்கும் ஆன்டிபாடி பல வருடம் தங்கலாம். குணமாகிவிட்டதா என்று பார்க்க இதே டெஸ்டை மறுபடி எடுத்துப் பயனில்லை.

[திரை: ரிப்போர்ட்டின் மேல் மூலை.]

இங்கே ரத்தம் எடுத்த தேதி அச்சாகியிருக்கிறது. உடம்புக்கு முடியாமல் போன தேதி எங்கும் இல்லை. அது ஆய்வகத்துக்குத் தெரியாது. டாக்டரைப் பார்க்கப் போகும்போது அதை ஒரு பேனாவால் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்.